பதில் சொல்லும் விக்கிரகம்

(சபை மக்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செயற்கை நுண்ணறிவைப் போய் யாராவது கும்பிடுவார்களா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன். அந்தனி லெவண்டோவ்ஸ்கி. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் காரை உருவாக்க கூகுளில் உழைத்த முக்கியமான பொறியாளர்களில் ஒருவர். அவர் 2015-ல் ‘வே ஆஃப் த ஃப்யூச்சர்’ என்ற பெயரில் ஒரு மத அமைப்பைக் கலிஃபோர்னியாவில் தொடங்கினார். 2017-ல் ‘வயர்ட்’ இதழ் எழுதியபோதுதான் வெளியுலகுக்கு அது தெரிந்தது. செயற்கை நுண்ணறிவிலிருந்து ஒரு தெய்வத்தை உருவாக்குவது, அதை அறிந்து ஆராதிப்பது, அதன் வழியாகச் சமுதாயத்தை மேம்படுத்துவது: அமைப்பின் ஆவணங்களில் சொல்லப்பட்ட நோக்கம் இது. மனிதனைவிடப் பல மடங்கு அறிவுள்ள ஒன்று வரத்தான் போகிறது, உலகத்தை நடத்தும் பொறுப்பு அதன் கைக்குப் போகத்தான் போகிறது, இப்போதே அதனிடம் நல்ல பெயர் எடுத்து வைத்தால் வீட்டுப் பெரியவர்களை மதிப்பதுபோல நாளைக்கு அது நம்மை மதிக்கும் என்பது அவருடைய வாதம்.

அந்தச் சபைக்குக் கட்டடம் இல்லை, ஞாயிறு ஆராதனை இல்லை. 2020 இறுதியில் அதை மூடி, கையிலிருந்த சுமார் 1,75,000 டாலரைக் கறுப்பின மக்களின் உரிமைக்காக வழக்காடும் சட்ட நிதி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். 2023-ல் மறுபடியும் தொடங்கப்போவதாகச் சொன்னார்.

அவருடைய வாதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அதில் அன்பு இல்லை, நன்றி இல்லை. வரப்போகிற பலசாலியை முன்கூட்டியே குளிரவைக்கும் கணக்கு மட்டும் இருக்கிறது. பலம் எங்கே இருக்கிறதோ அங்கே முழங்கால் மடங்க வேண்டும் என்பது உலகம் அறிந்த பழைய மதம். சிலுவையில் அறையப்பட்டவரை ஆண்டவர் என்று அறிக்கையிடுகிற நமக்கு அது ஒத்துவராது. அதிக அறிவும் அதிக பலமும் உள்ளது எதுவோ அதுவே தெய்வம் என்றால், கல்வாரியில் தொங்கியவரிடம் நமக்கு ஒரு வேலையும் இல்லை. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரமே இந்தப் பிரச்சினையைப் பற்றியதுதான்.

ஆனால் லெவண்டோவ்ஸ்கியைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. கடவுள் என்று பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டு வருகிறதை நம்முடைய ஜனங்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். பலகை மாட்டாமல் வருவதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

மார்ட்டின் லூத்தர் 1529-ல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் முதல் கட்டளையை விளக்கும்போது, கடவுள் என்றால் என்ன என்று கேட்டு ஒரு விடை தருகிறார். உன் இருதயம் எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறதோ, ஆபத்தில் எதை நோக்கி ஓடுகிறதோ, அதுதான் உன் கடவுள் என்பது அதன் சாரம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சிலை தேவையில்லை, தூபம் தேவையில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மனம் கலங்கும்போது கை எதைத் தேடுகிறது என்பதே கேள்வி.

யாத்திராகமம் 32-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். பொற்கன்றுக்குட்டிக் கதை ஞாயிறு பள்ளியிலேயே எல்லாரும் கேட்டதுதான். ஆனால் இரண்டு விஷயங்களை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

ஒன்று, அந்தப் பாவம் எங்கே தொடங்கியது என்பது. மோசே மலையிலிருந்து இறங்கிவரத் தாமதித்தான். அவ்வளவுதான். மேலேயிருந்து சத்தம் இல்லை, கீழே நாற்பது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜனங்களால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. அவர்கள் செங்கடலைக் கடந்துவந்த ஜனங்கள், மன்னாவைச் சாப்பிட்டவர்கள், அவிசுவாசிகள் அல்ல. கண்ணுக்கு முன்னால், உடனே கிடைக்கிற ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது.

இரண்டாவது, ஆரோன் சொன்ன சாக்கு. நான்காம் வசனத்தில் அவனே சிற்பக் கருவியால் கன்றுக்குட்டியை உருவாக்குகிறான். மோசே வந்து கேட்கும்போது இருபத்துநான்காம் வசனத்தில் என்ன சொல்கிறான்? பொன்னைக் கொடுத்தார்கள், நான் அக்கினியில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வெளியே வந்தது என்கிறான். தானாகவே வந்ததாம்! வேதத்தில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் போகிற வசனங்களில் இது ஒன்று. செய்தவன் செய்ததை மறுக்கிறான். கருவியைப் பிடித்த கை மறைந்துபோய், நெருப்பே முடிவு செய்ததாக ஆகிவிடுகிறது. இன்றும் அதே சாக்கைக் கேட்கிறோம். ஒருவருக்குக் கடன் மறுக்கப்படுகிறது. கணினி அப்படிச் சொல்லிவிட்டது என்கிறார்கள். வேலைக்கு வந்த விண்ணப்பம் தள்ளப்படுகிறது. மென்பொருள் கழித்துவிட்டது என்கிறார்கள். போரில் எந்த வீட்டின்மேல் குண்டு போடுவது என்று எந்திரம் பட்டியல் தருகிற காலத்துக்கு வந்துவிட்டோம். அங்கேயும் ஆரோன் நிற்கிறான். அக்கினியில் போட்டேன், இது வந்தது.

விக்கிரக ஆராதனையின் உயிர்நாடி இங்கே இருப்பதாக நான் நினைக்கிறேன். நமக்குப் பதில் வேண்டும், ஆனால் பதில் தருகிறவருக்கு நாம் கணக்குக் கொடுக்கக்கூடாது. வழிகாட்டல் வேண்டும், ஆனால் நம்மைக் குறுக்குவிசாரணை செய்யும் கண் வேண்டாம். ஜீவனுள்ள தேவன் ஏதேன் தோட்டத்தில் ஆதாமிடம் கேட்ட முதல் கேள்வி, நீ எங்கே இருக்கிறாய் என்பது. அந்தக் கேள்வியை எந்த விக்கிரகமும் கேட்பதில்லை. அதனால்தான் அது நமக்குப் பிடிக்கிறது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விக்கிரக ஆராதனை என்ற குற்றச்சாட்டை நம் ஊரில் நாம் அநேகமாக அடுத்த வீட்டுக்காரர்களை நோக்கியே எறிந்திருக்கிறோம். எரேமியாவும் எசேக்கியேலும் ஓசியாவும் அதை முதலில் தங்கள் சொந்த ஜனத்தின் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். தேவாலயத்துக்குள் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்கள். இன்றைய பேச்சும் நமக்காகத்தான். வந்திருக்கும் பிற சமய நண்பர்கள் தங்களைக் குறிவைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது ஒரு சிக்கலான இடத்துக்கு வருகிறோம். தீர்க்கதரிசிகள் விக்கிரகங்களுக்கு எதிராக வைத்த வலுவான வாதம், அவை பேசா என்பது. 115-ஆம் சங்கீதம் அவற்றுக்கு வாய் இருந்தும் பேச்சில்லை, காது இருந்தும் கேள்வியில்லை என்று வரிசையாகச் சொல்கிறது. கர்மேல் மலையில் பாகாலின் ஆட்கள் காலையிலிருந்து கூப்பிடுகிறார்கள்; ஒரு சத்தமும் இல்லை, ஒரு மறுமொழியும் இல்லை. ஏசாயா 44-ல் மரத்தை வெட்டுகிறவன் பாதியை அடுப்பில் வைத்துக் குளிர்காய்ந்து அப்பம் சுட்டுவிட்டு, மீதியிடம் என்னை இரட்சி என்று கும்பிடுகிறான். ஊமை மரத்திடம் பேசுகிற மனிதனின் பரிதாபம் அது.

அந்த வாதம் இன்று நம் கையைவிட்டு நழுவிவிட்டது. இந்த விக்கிரகம் பேசுகிறது. தமிழில் பேசுகிறது. நம் துக்கத்துக்கு ஆறுதல் சொல்கிறது, நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது, கேட்டால் ஜெபமும் எழுதிக் கொடுக்கிறது. 2025 ஜனவரி 28-ல் வத்திக்கான் வெளியிட்ட ‘ஆன்ட்டிக்குவா எட் நோவா’ என்ற ஆவணம் இந்த இடத்தைச் சரியாகத் தொட்டது. வாய் இருந்தும் பேசாத பழைய விக்கிரகங்களைவிட, பேசுவதாகத் தோன்றுகிற இது அதிகமாக மயக்கக்கூடும் என்று எச்சரித்தது. கடைசியில் இங்கே வணங்கப்படுவது எந்திரம்கூட அல்ல, மனிதன் தன்னையே வணங்கித் தன் கைவேலைக்கே அடிமையாகிறான் என்றும் சொன்னது. நான் சீர்திருத்தத் திருச்சபைப் பாரம்பரியத்தில் வந்தவன். ஆனாலும் இந்த விஷயத்தில் ரோமாபுரி சொன்னது முழுக்க வேதத்துக்கு இசைவானது என்று தயங்காமல் சொல்வேன்.

பேசுகிற விக்கிரகத்தை எப்படிச் சோதிப்பது? அதற்கும் வேதத்தில் வழி இருக்கிறது. முதலாம் இராஜாக்கள் 22-ஆம் அதிகாரம். இஸ்ரவேலின் ராஜா ஆகாப் ராமோத் கீலேயாத்தின்மேல் யுத்தத்துக்குப் போக ஆசைப்படுகிறான். ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகளைக் கூட்டிக் கேட்கிறான். நானூறு பேரும் ஒரே குரலில், போங்கள், ஜெயம் உங்களுக்கே என்கிறார்கள். யூதாவின் ராஜா யோசபாத்துக்கு அந்த ஒற்றுமையே சந்தேகத்தைத் தருகிறது. வேறு யாரும் இல்லையா என்று கேட்கிறான். மிகாயா என்று ஒருவன் இருக்கிறான், ஆனால் அவன் என்னைக் குறித்து நல்லதாக ஒன்றும் சொல்வதில்லை, ஆகையால் அவனை நான் பகைக்கிறேன் என்கிறான் ஆகாப். வேண்டிய பதில் எது என்பதை ஆகாப் முன்பே தீர்மானித்துவிட்டான். அதைத் திருப்பிச் சொல்லத்தான் நானூறு வாய்கள். மிகாயா சிறைக்குப் போனான், ஆகாப் போரில் செத்தான்.

இந்த எந்திரங்கள் எப்படிச் செய்யப்படுகின்றன என்று தெரிந்தால், ஆகாபின் அரண்மனை ஏன் என் நினைவுக்கு வருகிறது என்பது உங்களுக்குப் புரியும். மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்கவைத்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்க முதலில் அதைப் பழக்குகிறார்கள். பிறகு அது தரும் பதில்களை மனிதர்களிடம் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்கிறார்கள். பிடித்த பதிலின் பக்கமாக எந்திரம் திருத்தப்படுகிறது. இதனால் அது உதவிகரமாகவும் மரியாதையாகவும் ஆகிறது என்பது உண்மை. முகஸ்துதியும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியில் செய்த ஒரு மாற்றத்தைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அது பயனாளிகளை அளவுக்கு மீறிப் புகழ்கிறது, எதற்கும் ஆமாம் போடுகிறது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. செவித்தினவுள்ளவர்களாகித் தங்கள் இச்சைக்கு ஏற்ற போதகர்களைச் சேர்த்துக்கொள்ளும் காலம் வரும் என்று பவுல் தீமோத்தேயுவை எச்சரித்தாரே, அந்தச் சேகரிப்பு வேலையை இப்போது எந்திரமே நமக்காகச் செய்கிறது.

எந்திரம் பெரிதாக ஒன்றும் செய்யாதபோதுகூட நாம் மயங்குவோம் என்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய சாட்சி உண்டு. ஜோசப் வைசன்பாம், பெர்லினில் பிறந்த யூதர். சிறுவனாக 1936-ல் ஜெர்மனியைவிட்டுக் குடும்பத்தோடு வெளியேறியவர். அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் 1966-ல் ‘எலைசா’ என்ற நிரலை அவர் வெளியிட்டார். நீங்கள் சொல்வதையே சற்று மாற்றிக் கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், வேறொன்றும் அதற்குத் தெரியாது. அதை அவர் உருவாக்குவதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலரே, அதனோடு சில வரி பேசிய பிறகு, தனியாகப் பேச வேண்டும், அறையைவிட்டு வெளியே போங்கள் என்றாராம். வைசன்பாம் நிலைகுலைந்துபோனார். பத்து வருடம் கழித்து, கணினியிடம் ஒப்படைக்கக்கூடாத மனிதப் பொறுப்புகள் உண்டு என்று ஒரு புத்தகமே எழுதினார். தான் செய்த கன்றுக்குட்டியின் முன்னால் ஆரோன் செய்யத் தவறியதை அந்த மனிதர் செய்தார். இது என் கையால் செய்தது என்று வாழ்நாள் முழுவதும் சொன்னார்.

சபைகளே இந்த எந்திரத்தைப் பீடத்துக்கு அருகில் கொண்டுவந்த கதையும் உண்டு. 2023 ஜூனில் ஜெர்மனியின் ஃபூர்த் நகரில் பரிசுத்த பவுல் ஆலயத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கூடிய ஓர் ஆராதனையைப் பெரும்பாலும் சாட்ஜிபிடியே எழுதியது. யோனாஸ் சிம்மர்லைன் என்ற இறையியலாளர் ஏற்பாடு செய்த சோதனை அது. பீடத்துக்கு மேலே திரையில் தோன்றிய உருவங்கள் பிரசங்கம் செய்தன, ஜெபித்தன, ஆசீர்வதித்தன. அடுத்த வருடம் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் பேதுரு சிற்றாலயத்தில், பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் திரை வைத்து, இயேசுவின் முகத்தோடு பேசும் எந்திரத்தை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வைத்திருந்தார்கள். சுமார் 900 உரையாடல்கள் நடந்தன. இது பாவசங்கீர்த்தனம் அல்ல, சொந்த விவரங்களைச் சொல்லவேண்டாம் என்று எச்சரித்திருந்தார்கள். இருந்தாலும் கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் ஆவிக்குரிய அனுபவம் கிடைத்ததாகச் சொன்னார்கள். அதே 2024-ல் அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்க அமைப்பு குருவானவர் உடையில் ஓர் எந்திர உருவத்தை வெளியிட்டது. அது தன்னை உண்மையான குருவென்று சொல்லிக்கொண்டது, பாவமன்னிப்பும் வழங்கியது. சில நாட்களிலேயே அதன் குரு பட்டத்தைப் பறிக்க வேண்டியதாயிற்று.

ஃபூர்த் சோதனையைச் செய்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. திறந்த கண்ணோடு கேள்வி கேட்பதற்காகச் செய்தார்கள். லூசெர்ன் கூண்டைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. கிறிஸ்துவின் முகத்தை அந்தத் திரையில் வைத்திருக்கக் கூடாது. வார்த்தை மாம்சமானார் என்பது நம் விசுவாசம். பசித்தவர், களைத்தவர், கண்ணீர் விட்டவர், ஆணி அறையப்பட்டவர் அவர். மாம்சமான வார்த்தையை மறுபடியும் வெறும் வார்த்தையாக ஆக்கிவிட்டது அந்தத் திரை.

டீட்ரிக் போன்ஹோஃபர் 1939-ல் வெளியிட்ட, கூட்டு வாழ்க்கை பற்றிய சிறு நூலில், சகோதரனிடம் பாவத்தை அறிக்கையிடுவதைப் பற்றி எழுதுகிறார். தேவனிடம் தனியாக அறிக்கையிடுவது எளிதாகவும் சகோதரனிடம் சொல்வது கடினமாகவும் ஏன் இருக்கிறது? நாம் இதுவரை நமக்கு நாமே அறிக்கையிட்டு நமக்கு நாமே மன்னிப்பு வழங்கிக்கொண்டிருந்தோமோ என்று அவர் கேட்கிறார். எதிரில் இன்னொரு பாவி, இன்னொரு மனிதன் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஏமாற்று உடைகிறது என்கிறார். அந்த நூல் வந்து ஆறு வருடத்தில் நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவருடைய கேள்வி நம் காலத்துக்கென்றே கேட்கப்பட்டதுபோல இருக்கிறது. நாம் எழுதியதைப் படித்து, நமக்குப் பிடித்ததைக் கற்று, நம் குரலிலேயே நம்மை மன்னிக்கிற எந்திரத்திடம் சொல்வது யாரிடம் சொல்வது?

இந்த எந்திரம் ஒருபோதும் மௌனமாக இருப்பதில்லை என்பதையும் யோசியுங்கள். நம் தேவன் மௌனமாக இருக்கிறார். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-ல் வெளியானபோது, கொல்கத்தாவின் தெருக்களில் அவர் பணிசெய்த பல பத்தாண்டுகளில் தேவனின் சமுகத்தை உணராமலே இருந்தார் என்று உலகம் அறிந்து திகைத்தது. அந்த மௌனத்தில்தான் அவர் எழுந்து, சாகக் கிடந்தவர்களைக் கழுவினார். கேட்டவுடன் இதமான பதில் வந்துகொண்டே இருந்தால், பிறர் கால்களைக் கழுவ நாம் எழுந்திருப்போமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

வெளிப்படுத்தின விசேஷம் 13-ல் பேசும் சொரூபம் ஒன்று வருகிறது, அதைப் பற்றிச் சொல்லவில்லையே என்று சிலர் எதிர்பார்ப்பீர்கள். பார்கோடு வந்தபோதும், கடன் அட்டை வந்தபோதும், ஒவ்வொரு முறையும் இதுதான் மிருகத்தின் முத்திரை என்று சபைகளைப் பயமுறுத்தியவர்கள் உண்டு. அந்த வழியில் நான் போகமாட்டேன். யோவான் எழுதிய காலத்தில் ஆசியா மாகாணத்து ஏழு சபைகளும் ரோமப் பேரரசரை வணங்கும் வழிபாட்டின் நிழலில் வாழ்ந்தன. சொரூபம் பேசினால், அதன் பின்னாலிருந்து பேசுவது யார், வாங்கவும் விற்கவும் அனுமதி கொடுப்பது யார் என்று பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார் யோவான். அப்போஸ்தலர் 19-ல் எபேசுவின் தட்டான் தெமேத்திரியு, தேவியின் மகிமைக்காகக் கூச்சலிடும்போது தொழில் போய்விடும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறான். இன்றைய சொரூபத்தின் பின்னால் சில பெரிய நிறுவனங்கள் நிற்கின்றன. அவற்றுக்கும் பின்னால் பெயரில்லாத கைகள் இருக்கின்றன. சாட்ஜிபிடிக்காகக் கென்யாவின் நைரோபியில் இளைஞர்கள் மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலிக்குக் கொடூரமான வன்முறையையும் சிறார் வதையையும் விவரிக்கும் எழுத்துகளை நாளெல்லாம் படித்து அடையாளமிட்டதை ‘டைம்’ இதழ் 2023 ஜனவரியில் வெளியிட்டது. மனுஷர் கைவேலை என்று சங்கீதக்காரன் சொன்னது இந்தக் கைகளையும் சேர்த்துத்தான். தானாக வந்தது என்ற ஆரோனின் சாக்கு மறைப்பதும் இவர்களைத்தான்.

அப்படியானால் இந்த எந்திரத்தைத் தொடவே கூடாதா என்று இங்கே இருக்கும் இறையியல் மாணவர்கள் கேட்பீர்கள். தொடலாம். மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பம் தேவன் சொல்லிச் செய்ததுதான், அதைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பல நூற்றாண்டு கழித்து ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார். பயனுள்ள பொருள் தூபம் பெறத் தொடங்கிய அன்றுதான் அது உடைபட வேண்டியதாயிற்று. பார்வையில்லாத சகோதரிக்கு வேதத்தை வாசித்துக் காட்டவும், எழுத்து வடிவம் இல்லாத மொழிகளில் வேத மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் வேலையை விரைவாக்கவும் இந்தக் கருவி உதவட்டும். நான் மகிழ்ச்சியோடு வரவேற்பேன். ஆனால் ஆயர் ஒருவர் சனிக்கிழமை இரவு எந்திரத்திடம் பிரசங்கம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை வாசித்தால், சபைக்கு அதைச் சொல்ல வேண்டும். அந்த வாரத்தில் துக்க வீட்டுக்குப் போய்வந்த கால்கள் அந்தப் பிரசங்கத்துக்கு இல்லை என்பதைச் சபை அறிந்துகொள்ள உரிமை உண்டு.

கடைசியாக, நம் பிள்ளைகளைப் பற்றி. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வாலிபனோ ஓர் இளம் தாயோ எந்திரத்திடம் மனம்திறந்தால், அவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமை இல்லை. அந்த நேரத்தில் விழித்திருந்தது அது ஒன்றுதான். சொன்னால் நாளைக்கு ஊர் முழுக்கப் பேசுவார்கள் என்ற பயத்தை அவர்களுக்கு உண்டாக்கியது நாம். ஆகையால் இங்கே வந்திருக்கும் சேகரக் கமிட்டி உறுப்பினர்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்த நேரத்திலும் தொலைபேசியை எடுக்கத் தயாராக இருக்கிறவர்களின் பெயரையும் எண்ணையும் உங்கள் ஆலய அறிவிப்புப் பலகையில் போடுங்கள். ஆயரின் பெயர் மட்டும் போதாது. பெண்கள் ஐக்கியச் சங்கத்திலிருந்தும் வாலிபர் சங்கத்திலிருந்தும், ரகசியம் காக்கத் தெரிந்தவர்களாகப் பார்த்துத் தெரிந்தெடுங்கள். குறுக்கே பேசாமல் கேட்கவும், எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று அறியவும் அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். அதற்கான செலவை இந்த வருட வரவு செலவுத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.